கேட்காத ராத்திரிகள்

சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் பொறுத்து டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் ஊறி வரும், அதற்கும் பிறகு உள்ளே வால்வுகள் சூடேறி, அவற்றின் தலையில் வருஷக்கணக்காகப் படிந்த தூசி கருகும் மணம், மரப்பெட்டியின் பழைய வார்னிஷ் மணத்தோடு கலந்து மூக்கில் ஏறும், சத்தம் வருவது கடைசியில்தான். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அதே வரிசையில்தான் எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, முள்ளை எங்கே நகர்த்தினாலும் வெறும் இரைச்சலாக வந்தது. ஒன்பதேகால் ஆனதும் கை தானாக லண்டன் தமிழோசை இருந்த இடத்துக்குப் போனது, 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அந்த ஒலிபரப்பு நின்றுபோனது கைக்குத் தெரியவில்லை. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸும் மறு வருஷம் சிற்றலையை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நிலையங்களும், எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் இருக்கிற வீட்டில் மூச்சுவிட முடியாது. "அதென்ன கருகுது?" என்று அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள். "தூசி" என்றேன்.

பெட்டி என்னுடையது அல்ல. இஞ்சிவிளை முக்கில் தையல்கடை வைத்திருந்த மாமனுடையது, அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, கடையில் இப்போது திருப்பூரிலிருந்து வரும் ரெடிமேடு சட்டைகள் தொங்குகின்றன, வீட்டைப் புதுக்கும்போது மச்சிலிருந்து இறக்கிய சாமான்களில் இந்த ரேடியோவையும் ஒரு தகரப்பெட்டி நிறைய நோட்டுகளையும் அவருடைய மருமகள் என்னிடம் கொடுத்தனுப்பினாள், ஆக்கர்காரனுக்குப் போட மனசு வரல்ல என்று சொல்லி. தகரப்பெட்டியைத் திறந்தால் பல்லிமுட்டையும் பாச்சை உருண்டையும் தையல் மிஷின் எண்ணெயும் சேர்ந்து மணத்தன, அதை அப்படியே மூடிவைத்தேன்.

தூசி கருகுகிற மணத்துக்கு எனக்குள் முதலில் எழும்பி வருவது என் பாட்டாதான். பாறசாலையிலிருந்து கிழக்கே போகும் மண்பாதையில் எங்கள் வீடு, தாழ்வாரத்தில் மர்பி ரேடியோ, பிலாவிலிருந்து தெங்குக்கு இழுத்துக் கட்டிய செம்புக்கம்பி ஏரியல். மண்ணில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, அதில் எர்த் கம்பியை இறக்கியிருந்தார். நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில், துளசிக்கு ஊற்றுவது போல அந்தக் குழிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ரேடியோ முன்னால் உட்காருவார், ஊற்றாவிட்டால் கொழும்புக்குத் தொண்டை கட்டும் என்பார். வருஷத்துக்கு ஒருமுறை தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த சின்னப் புத்தகத்தை ஆதாரப் பெட்டியில், நிலப்பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது, எங்கள் வீடு இந்தப் பக்கம், பாட்டி பிறந்த வீடு அந்தப் பக்கம், இடையில் நடந்தால் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற தூரம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது மலையாள எழுத்து, தமிழ் எழுத்தைப் பாட்டியின் கீர்த்தனைப் புத்தகத்தில் விரல் வைத்து நானாகக் கூட்டிப் படித்தேன். "கல்லு நட்டது மண்ணுலதான மக்களே, ஆகாசத்துல இல்லியே" என்று சொல்லிக்கொண்டு பாட்டா முள்ளைத் திருப்புவார், சாயங்காலமானால் கடலுக்கு மேலாக இலங்கை வானொலி பக்கத்து வீட்டுக்காரன் பேசுவது போலத் தெளிவாக வரும், அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டு நாங்கள் நாக்கைத் திருத்திக்கொண்டோம். தமிழை எங்களுக்குக் கொண்டுவந்தது சென்னை அல்ல, கொழும்புதான், இதை நாகர்கோவிலில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தப் பழக்கம்தான் என்னைத் தையல்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம், ரப்பர் வெட்டுகிற ஒருவர், களியக்காவிளைச் சந்தையில் வெற்றிலை வியாபாரம் செய்யும் சாயிபு, சபையில் உபதேசியார், கல்லூரி லேபில் வேலை பார்த்த ஒரு பையன், சொசைட்டியில் குமாஸ்தாவான நான். கஞ்சி போட்ட புதுத்துணி மணமும் கருப்பட்டிக் காப்பி மணமும் நிறைந்த அந்த ஒற்றை அறையில், யார் எந்த நிலையத்தைப் பிடித்தோம், எத்தனை மீட்டரில், எத்தனை மணிக்கு என்று வாசிப்போம், சீனப் பெண்கள் தமிழ்ப்பெயர் வைத்துக்கொண்டு பீஜிங்கிலிருந்து பேசுவதை உபதேசியார் நடித்துக் காட்டுவார். நிலையத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பினால் அவர்கள் சரிபார்த்து, நீ கேட்டது எங்களைத்தான் என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அறிக்கையின் உயிர் ஐந்து எண்கள், ஒலியின் வலு, பக்கத்து நிலையத்தின் தொல்லை, இரைச்சல், அலையின் ஏற்றஇறக்கம், மொத்தத்தில் எப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்துதான் நல்லது. 55555 என்று எழுதுகிறவனைத் தையல்கார மாமன் நம்பமாட்டார். அவர் காலர் அளவிலும் கால் இஞ்ச் விடமாட்டார்.

ஒருமுறை வேரித்தாஸ் நிகழ்ச்சியைக் கேட்காமலே, லேப் பையனுடைய நோட்டைப் பார்த்து நான் அறிக்கை எழுதிவிட்டேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "கேக்காத்தத கேட்டேன்னு எழுதுறது களவு மக்களே" என்றார், அவ்வளவுதான், பிறகு மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. ஒரு அட்டைக்கு இத்தனை வீறாப்பா என்று அப்போது எனக்குக் கோபம்.

என் மனைவிக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கடித்துவைத்துவிட்டுப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. 1996இல், இரண்டாவது பிள்ளை பிறந்து சில வருஷம் கழித்து, கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள், ராத்திரியில் சாய்ந்துகொண்டுதான் உறங்கினாள். முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று சொல்லி ஆறு மாசம் மருந்து கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திராவில்தான் மைட்ரல் வால்வு சுருங்கி இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் இதைச் சொன்னபோது யாரும் அய்யோ என்று சொல்லவில்லை. மாமன் ஊசியில் நூல் கோத்தபடியே, "வால்வு போனா செட்ட கொண்டு களைவாளா, மாத்துனா பாடும்" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன், அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குப் புரிகிற மொழியில் இருந்தது.

அவளுக்கு வைத்த வால்வும் அந்த ஊரிலேயே பிறந்தது. டாக்டர் வலியத்தானும் அவரோடிருந்த பொறியாளர்களும் பூஜப்புரை சாட்டல்மோண்ட் அரண்மனை வளாகத்தில் வருஷக்கணக்காக உழைத்து, மூன்று மாதிரிகள் தோற்று, செம்மறி ஆடுகளில் சோதித்து, நாலாவதை 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள், பிறகு குக்கர் செய்கிற அதே டி.டி.கே. குழுமம் அதை விற்பனைக்குச் செய்தது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு, உள்ளே சாய்ந்து திறக்கும் தட்டு ஒருவகை பிளாஸ்டிக், அதனால் சத்தமும் குறைவு. உறங்கும்போது காதை வைத்தால் மட்டும் கேட்கும், தூரத்தில் யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவது போல. இருபத்தெட்டு வருஷமாகத் தட்டுகிறது.

ரத்தம் பி நெகட்டிவ். சொந்தத்தில் யாருக்கும் இல்லை, தையல்கார மாமனுக்கு இருந்தது, லேப் பையன் கல்லூரியில் விசாரித்து இன்னும் மூன்று பேரைப் பிடித்தான். அட்மிட் ஆனதிலிருந்து வீடு திரும்பியது வரை பதினேழு ராத்திரி, பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் முறைவைத்து ஒருவர் வருவார், சம்பா அரிசிக் கஞ்சியும் காணத் துவையலும் தூக்குவாளியில், வெற்றிலைக்காரர் வருகிற நாள் என்றால் மரச்சீனியும் நெத்தோலியும். நான் குளித்து, துணி அலசி, ஒரு மணி நேரம் உறங்குவதற்கு அவர்கள் காவல். ரப்பர்காரர் அதற்கும் முந்திப் பாதிராத்திரியில் எழும்பி வெட்டை முடித்துவிட்டு வருவார், கையில் ரப்பர்பால் மணம் போயிருக்காது. ஒருவரும் நோயைப் பற்றிப் பேசமாட்டார்கள், பணம் வேண்டுமா என்றும் கேட்கமாட்டார்கள், ஆனால் தூக்குவாளிக்கு அடியில் சிலநேரம் மடித்த நோட்டு இருக்கும், யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது எங்கள் தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் போனில் கைகூப்பிய படங்கள் வந்து குவிகின்றன, நானும்தான் அனுப்புகிறேன்.

மாமன் மட்டும் வரவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரங்கள், தையல்காரனுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத காலம், ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுத்ததோடு சரி என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய கணக்கில் வந்தது ஒரு சீட்டு. காலையில் வருகிறவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவார், அளவு எழுதுகிற பில்புக்கில் கிழித்த தாள், மலையாள எழுத்தில் தமிழ், அவருக்கும் பள்ளிக்கூடம் கொடுத்தது அந்த எழுத்துதான். நேற்று ராத்திரி தமிழோசையில் செய்தி இன்னது, நேயர் கடிதம் இத்தனை, கீழே ஐந்து எண்கள். உனக்கு நோட்டில் நாள் விட்டுப்போகக் கூடாது, வந்தபிறகு பகர்த்திக்கொள் என்று முதல் சீட்டில் எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவனுக்கு லண்டன் செய்தி எதற்கு. இருந்தாலும் அந்த வராந்தாவில் சுவரோடு சாய்ந்து வாசித்தேன், வாசிக்கிற இரண்டு நிமிஷம் ஃபினாயில் மணம் விலகி மிஷின் எண்ணெய் மணத்தது, மறுநாள் சீட்டு வரத் தாமதமானால் வாசலைப் பார்த்தேன்.

அந்தச் சீட்டுகளை அவள் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள், பதினேழும் இருந்தன. இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தகரப்பெட்டியை மறுபடி திறந்து மாமனுடைய 1996 நோட்டை எடுத்தேன், அவர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார், சும்மா ஒப்புநோக்கலாம் என்றுதான். நோட்டில் அந்தப் பதினேழு நாளும் தேதி மட்டும் இருந்தது. எதிரே ஒரே சொல், மலையாள எழுத்தில், கேக்கல்ல. அடுத்த நாள், கேக்கல்ல. பதினெட்டாம் நாளிலிருந்து மறுபடி மீட்டரும் மணியும் எண்ணும்.

நோட்டையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவள் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரையை அளந்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள், ரத்தம் உறையாமலிருக்கத் தின்கிற மாத்திரைக்குக் கீரை ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது, ஒரே அளவாக இருக்க வேண்டும்.

"மாமன் அப்போ ராத்திரி ரேடியோ கேக்கவே இல்ல போலிருக்கு" என்றேன்.

"எப்படிக் கேப்பாரு? ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில இல்லியா இருந்தாரு" என்றாள். "வார்டு சன்னல்ல பாத்தா தெரியும், கீழ வெளக்குக்கால் மூட்டுல. திடீர்னு ரத்தம் வேணும்னா ஆளு பக்கத்துல இருக்கணும்லா. துணிக்கெட்டக் கொண்டு வந்து பட்டன் தச்சிட்டு இருப்பாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்." கீரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் போட்டாள். "ஒரு நாளு பாத்துக்கிடுங்க, இடியும் மழையும், ஓணத்துக்குத் தைக்கக் கொடுத்த துணி நனையும்னு கெட்டச் சட்டைக்குள்ள வச்சிட்டு, ஆணி அடிச்ச மாதிரி நின்னாரு மனுஷன்."

சீட்டுகளை விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 34333, 34333, 33333. ஒன்றில்கூட 5 இல்லை, இல்லாத ஒலிபரப்புக்கும் அவருக்குக் கை தாராளமாக வரவில்லை. பதினோராவது சீட்டில் மட்டும் 24122, இரைச்சலுக்கு 1, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார், நல்ல மழை, இடி.