செடி இல்லாத இடத்தில் சொல்

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டா என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ராக்கெட்டுகள். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட அத்தீவின் காட்டில் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள் யானாதிப் பழங்குடியினர். 1969இல் ஏவுதளத்துக்கு அத்தீவு தேர்வானது. பல குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன.

அவ்வாறு வந்தவர்களின் குடியிருப்பு ஒன்றில், மூதாட்டி ஒருவரிடம் மூலிகைப் படங்களைக் காட்டி, "இதன் பெயர் என்ன, அவ்வா?" என்று தெலுங்கில் கேட்டேன். நெடுநேரம் பார்த்தார். நான் படிவத்தில் 'தெரியவில்லை' என்று குறித்துவிட்டேன். பிறகு அவர் சொன்னார்: "காட்டுக்குக் கூட்டிப்போ, நாயனா. இலையைக் கசக்கி முகர்ந்தால் சொல்லிவிடுவேன்."

யானாதியர் பேசுவது தெலுங்கு. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி என்பதால், அழியும் மொழிகளின் பட்டியலில் இந்த இழப்புக்கு இடமில்லை. பேசுவோரின் எண்ணிக்கையைக் கொண்டே மொழியின் நலத்தை அளக்கப் பயின்றவன் நான். கைக்கு எட்டாத செடியின் பெயர் எத்தனை தலைமுறைக்கு நாவில் நிற்கும் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'செடி இங்கு இல்லை' என்று எழுதினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. களப்பணியிலுள்ள நண்பர்களே, இத்தகைய விடையை நீங்கள் எவ்வாறு பதிவு செய்கிறீர்கள்?