சாமிக் காசும் வீட்டுக் காசும்

ஜனவரி 16, 2025

காணும் பொங்கல். சொந்தக்காரர்கள் வந்து போனபின் பழைய பெட்டிகளை இறக்கிக் கூடத்தில் பரப்பினேன். காசு சேர்ப்பதில் இரண்டு வழி உண்டு. ஒரே காசை ஆண்டு விடாமல், நாணயச் சாலை விடாமல் சேர்ப்பது ஒரு வழி. அச்சு மாறும்போது மட்டும் ஒன்று எடுத்து, வகைக்கு ஒரு காசு என்று வரிசை கட்டுவது இன்னொரு வழி. ‘டைப் செட்’ என்பது இதுதான். இதுவரை முதல் வழியில் போனவன், இந்தத் தையில் இரண்டாவதற்கு வருகிறேன். அதிலும் ஒரு நிபந்தனை: எங்கள் வீட்டு ஆள் ஒருவரோடு ஒட்டாத காசுக்கு இந்த ஆல்பத்தில் இடம் கிடையாது.

பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதிப் பார்த்தேன். தாத்தாவின் பலசரக்குக் கடை, அப்பா பிறந்த 1947, அம்மா பிறந்த 1950, அவர்கள் கல்யாணம் நடந்த 1974, நான் 1979, தங்கை 1988, மகள் 2011, மகன் 2020. ஒவ்வோர் ஆண்டின் பக்கத்திலும் ஒரு காசு தானாக வந்து நிற்கிறது.

ஜனவரி 26

அம்மாவுக்கான காசு இன்று முடிவாயிற்று. குடியரசின் முதல் காசுகள் 1950 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தன. ராஜாவின் தலை இருந்த இடத்துக்கு அசோகரின் சிங்கத் தூண் வந்தது. ரூபாயில் புலி போய்க் கதிர் வந்தது. அணாக்களில் காளை. காலணாவில் குதிரை. அம்மாவுக்குக் கதிர் போட்ட ரூபாயை வைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

“ரூவாயை நான் எப்பய்யா கையால தொட்டேன்? எங்க அய்யா பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது காலணாதான் கொடுப்பாரு. அந்தக் குதிரைக்காசை வையி” என்றாள்.

அவள் சொன்னதில் இந்த வரிசைக்கே ஓர் இலக்கணம் கிடைத்தது. பிறந்த ஆண்டு பொருந்தினால் மட்டும் போதாது, அந்தக் கை புழங்கிய காசாக இருக்க வேண்டும். 1950இன் குதிரைக் காலணாவை எழுதிவைத்தேன்.

பிப்ரவரி 9

தாத்தாவுக்கு இரண்டு காசு. முதலாவது ஓட்டைக் காலணா. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு அச்சடித்தது, 1943 முதல் 1947 வரை. துளை விழுந்த இடத்தில் ராஜாவின் முகத்துக்கு வழியில்லை. கிரீடம் மட்டும் மேலே நிற்கும். கடையில் அவற்றைச் சணல் கயிற்றில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருப்பார் என்று மாமா சொன்னார். அந்தக் கயிற்றிலிருந்தே ஒன்று மாமா வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடந்தது. எடுத்துத் தந்துவிட்டார்.

இரண்டாவது, 1957ஆம் ஆண்டின் ஒரு நயா பைசா. அந்த ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா என்று கணக்கு மாறியது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா. ஓரணாவைப் புதுக் கணக்கில் மாற்றினால் ஆறே கால் பைசா வரும். கால் பைசாவைக் கையில் கொடுக்க முடியுமா? அதனால் ஓரணாவுக்கு ஆறு, ரெண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று அரசு ஒரு பட்டியல் போட்டது. மூன்று ஓரணாக்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் பதினெட்டு, சேர்த்துக் கொடுத்தால் பத்தொன்பது. இந்த ஒரு பைசாவுக்காகக் கடைவாசலில் நடந்த வழக்குகளைத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். குழப்பம் வரும் என்று அரசுக்கும் தெரிந்திருந்தது. ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்று அந்தச் சின்னக் காசிலேயே இந்தியில் அச்சிட்டார்கள். பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் அதை வாசித்துப் புரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! தாத்தாதான் ஒவ்வொருவருக்கும் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ‘நயா’ என்ற சொல் 1964இல் உதிர்ந்தது. நாலணா, எட்டணா என்ற பேச்சு அதற்கப்புறமும் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடியது.

மார்ச் 2

அப்பாவின் பக்கம். 1947இன் நிக்கல் ரூபாய்: ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. போரின்போது அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தரவேண்டி வந்ததால், வெள்ளிக் காசை விட்டு நிக்கலுக்கு மாறியிருந்தார்கள். ராஜாவின் தலை பொறித்த கடைசி ரூபாய் இது. அப்பா பிறந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஆனால் அப்பாவை நினைத்தால் என் கண்ணில் நிற்பது வேறொரு காசு. 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்தோடு நாணயங்கள் வந்தன. தமிழாசிரியரான அப்பா அதில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பேருந்தில் சில்லறை இல்லாமல் நின்றபோதும் அதை எடுத்து நீட்டவில்லை. பை உரசலில் வள்ளுவரின் மூக்கு மழுங்கிவிட்டது. கண்காட்சிகளில் இதே காசு பளபளவென்று கிடைக்கும், எனக்கு அது வேண்டாம். சேகரிப்பாளர்கள் தேய்மானத்துக்கு மதிப்பைக் குறைப்பார்கள். இந்த ஆல்பத்தில் தேய்மானம்தான் அப்பாவின் கையெழுத்து.

மார்ச் 16

காசுகள் வரிசைக்கு வந்தபின் அம்மா, “புளி போட்டுத் துலக்கட்டுமா? பித்தளைச் செம்பு மாதிரி மின்னும்” என்றாள். அவளை உட்காரவைத்து விளக்கினேன். செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பழுப்பு அழுக்கல்ல. உலோகமும் காற்றும் பல வருஷம் கலந்து உண்டான தோல். புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் திரும்பாது. விளிம்பை மட்டும் பிடித்துத்தான் காசை எடுக்க வேண்டும், விரல் வேர்வை பட்ட இடம் நாளாகக் கறையாகும். மெத்தென்ற பிவிசி உறைகளும் ஆகாது. அவை பசை கசிந்து பச்சை படரவிடும். மைலார் சன்னல் வைத்த அட்டைதான் பத்திரம். அம்மா கேட்டுவிட்டுக் குதிரைக்காசை அட்டையோடு எடுத்து வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அட்டைகளில் எழுதுவது அவள் பொறுப்பு. 1974இன் பத்துப் பைசாவைப் பார்த்துச் சிரித்தாள். திட்டமிட்ட குடும்பம், எல்லோர்க்கும் உணவு என்று அரசு பிரசாரம் செய்த காசு அது. “ஆச்சி கல்யாணத்துக்கு கவர்மெண்ட் கொடுத்த அட்வைஸா அப்பா?” 1979இன் பத்துப் பைசா உலகக் குழந்தைகள் ஆண்டுக்காக வந்தது. மகிழ்ச்சியான குழந்தை நாட்டின் பெருமை என்கிறது. நான் பிறந்த வருஷத்தில் அப்படி ஒரு காசு வந்ததில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

அவள் பிறந்த 2011 இன்னும் விசேஷம். கள்ளக்குறிச்சிக்காரரான உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறி முதன்முதலாகப் புழக்கக் காசில் ஏறிய ஆண்டு. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாமல் போயின. அவள் வந்தாள், நாலணா போயிற்று.

மார்ச் 23

தங்கையின் இடம் மட்டும் காலியாக இருந்தது. 1988இல் எஃகில் வந்த காண்டாமிருக நாலணாதான் அவளுக்குரியது. அம்மாவிடம் சொன்னதும் பூஜை அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிப்பை எடுத்தாள். இரண்டு வயதில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகியபோது சாஸ்தாவுக்கு நேர்ந்து முடிந்தது. பிள்ளை பிழைத்து, அவள் தலைப்பிள்ளைக்குக் கோயிலில் முடியெடுக்கும் நாளில் செலுத்துவதாக வேண்டுதல். உள்ளே இருந்தது 1988இன் காண்டாமிருகம்!

இந்த வரிசையில் இதைவிடப் பொருத்தமான காசு இருக்க முடியாது. ஆல்பத்துக்குக் கேட்டேன். அம்மா முடிப்பை மறுபடி கட்டினாள்.

“இது சாமிக் காசுய்யா. நம்ம காசு இல்ல.”

தங்கைக்குத் திருமணமாகி வெகுகாலம் கழித்துப் போன வருஷம்தான் மகன் பிறந்தான். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு முடியெடுப்பு. முப்பத்தைந்து வருஷ வாக்கின் முன்னால் என் ஆல்பம் என்ன பேச முடியும்?

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் தங்கை மகனுக்கு முடியெடுத்தார்கள். அம்மா முடிப்பை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டாள். அரசுக் கணக்கில் செல்லாத காசு, சாமிக்குச் சொன்ன வாக்கில் முழுசாகச் செல்லுபடி ஆயிற்று. தங்கை அழுதாள்.

திரும்பும் வழியில் யோசித்தேன். டைப் செட் என்பதன் அடிப்படையே ஒரு காசு தன் அச்சில் வந்த எல்லாக் காசுக்காகவும் நிற்கலாம் என்பதுதான். ஆகவே தங்கையின் இடத்தில் இன்னொரு காண்டாமிருகம் நிற்கலாம். ஆண்டும் ஆண்டுக்குக் கீழே உள்ள குறியும் ஒத்துப்போனால் போதும்: வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஆனால் அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மகளிடம் மூன்று சொற்கள் கொடுத்திருக்கிறேன். ஓட்டைக் காலணாவும் வள்ளுவரும் ‘வீட்டுக் காசு’. குதிரையும் புலியும் ‘வாங்கிய காசு’. காண்டாமிருகம் ‘பதில் காசு’, கீழே முடிப்பின் கதை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கனி கண்டபின் அம்மா பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுத்தாள். மகனுக்கு 2020ஆம் ஆண்டின் இருபது ரூபாய். பன்னிரண்டு மூலை, தானியக் கதிர் போட்ட காசு. கடைக்காரரிடம் சொல்லிவைத்து ஆண்டு பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள். கடையில் வாங்கிய காசுதானே, இதை எப்படி எழுதுவது என்று மகள் கேட்டாள். ஆச்சி கையிலிருந்து தம்பி கைக்கு வந்ததால் இன்று முதல் அது வீட்டுக் காசு என்றேன். தேதியோடு எழுதிவிட்டாள்.

இந்த ஆல்பத்தைச் சந்தையில் வைத்தால் பெரிய தொகை தேறாது. புலி ரூபாயைத் தவிர மற்றதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் என் பேரப்பிள்ளைகள் ஒருநாள் இதைத் திறக்கும்போது, எந்தக் காசை எந்தக் கை தொட்டது, எதைத் தொடவில்லை என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். பொய் எழுதிய ஒரே ஓர் அட்டை போதும், அப்பாவின் வள்ளுவரையும் அவர்கள் நம்பாமல் போவதற்கு. மீதிப் பக்கங்களை மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். எந்தக் காசை வேண்டுமானாலும் அவள் சேர்க்கலாம். தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும்.