கரக்பூரில் ஒரு கந்தை

கரக்பூர் ஸ்டேஷனின் 1072 மீட்டர் பிளாட்பாரத்தை நடந்து கடப்பதற்குள், “உங்கள் குட் நேம் என்ன?” என்று ஒருவராவது ஆங்கிலத்தில் வினவிவிடுவார். கெட்ட பெயரும் ஒன்று உண்டோ என எரிச்சலுறுவோம்.

எங்களுக்கு மகள் பிறந்த மார்கழியில், ஊரிலிருந்து பாட்டியால் வர இயலவில்லை. அடுத்த வீட்டு வங்காள மூதாட்டி பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையில் உருவிய நூலாலேயே ஓட்டுத்தையலிட்டுக் ‘காந்தா’ தைத்தார். நம் கந்தைக்கு உறவான சொல் அது! பலகாலம் துவைத்த பருத்தி பச்சைமேனியை உறுத்தாது.

மூலையில் பெயர் தைக்க வேண்டும். “பாலோ நாம் வேண்டாம், டாக் நாம் சொல்லுங்கள்” என்றார். பள்ளிக்கு நல்ல பெயர், வீட்டுக்குக் கூப்பிடு பெயர். ‘குட் நேம்’ பிறந்த கதை அன்றே விளங்கிற்று. கூப்பிடு பெயர் எங்களிடம் இல்லை. அவரே ‘குக்கி’ எனத் தைத்துவிட்டார். ஊரிலுள்ள பாட்டியும் இப்போது அப்படியே அழைக்கிறார்.