லிடிட்ஸேவுக்கு வரும் படங்கள்

நாஜிகள் அழித்த செக் கிராமம் ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்துக் குழந்தைகளை ஓவியம் வரைய அழைக்கிறது

போர் நினைவிடங்களில் பொதுவாகப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும் - முள்வேலி, காவல் கோபுரம், இடிந்த சுவர். செக் குடியரசில், பிராக் நகருக்கு வடமேற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் உள்ள பழைய லிடிட்ஸேயில் அதுகூடக் கிடையாது. சரிந்து இறங்கும் புல்வெளி, ஓடை, ஒரு சிலுவை. சர்ச்சும் பள்ளிக்கூடமும் இருந்த இடங்களில் அஸ்திவாரக் கற்கள். இங்கே ஒரு கிராமம் இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இந்த ஊரின் பெயருக்குத்தான் வருடம் தவறாமல் பல நாடுகளிலிருந்து ஓவியக் கட்டுகள் வந்து இறங்குகின்றன. வரைந்தவர்கள் 4 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள். இந்தியப் பிள்ளைகளும் ஏராளம்.

படங்கள் ஏன் இங்கே வருகின்றன என்பதற்கான விடை 1942-ல் இருக்கிறது. அந்த ஆண்டு மே 27 அன்று, செக் பகுதியை ஆண்ட நாஜித் தலைவர் ரெய்ன்ஹார்ட் ஹெய்ட்ரிஷ், பிரிட்டனிலிருந்து பாராசூட்டில் வந்து இறங்கியிருந்த வீரர்களின் குண்டுவீச்சில் காயமடைந்தார். ஜூன் 4-ல் இறந்தார். பழிவாங்க ஹிட்லருக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. ஒரு கடிதத்தால் கிளம்பிய சந்தேகம் லிடிட்ஸேயின் மேல் விழுந்தது. கொலைக்கும் ஊருக்கும் சம்பந்தம் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

ஜூன் 10 அன்று ஆண்கள் 173 பேர் ஹோராக் என்பவரின் பண்ணைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 15 வயதைத் தாண்டிய பையன்களும் ஆண்கள் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் பக்கத்து நகரமான கிளாட்னோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டு, பிறகு பிரிக்கப்பட்டார்கள். தாய்மார்களை ராவன்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் 'ஜெர்மானியராக வளர்க்கத் தகுந்தவர்கள்' என்று ஒரு சிலரைப் பொறுக்கி எடுத்தார்கள். மிச்சம் 82 பேர் போலந்தின் ஹெல்ம்னோவில் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். வீடுகளைக் கொளுத்தி, சர்ச்சை வெடிவைத்துத் தகர்த்து, கல்லறைகளையும் தோண்டிய பிறகே ஜெர்மன் படை ஓய்ந்தது. தேசப்படத்திலிருந்தே ஊரின் பெயரை நீக்குவது அவர்களுடைய திட்டம்.

நடந்தது நேர்மாறு. மெக்ஸிகோவிலும் வெனிசுலாவிலும் குடியிருப்புப் பகுதிகளுக்கு லிடிட்ஸே என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் பார்னட் ஸ்ட்ராஸ் என்ற டாக்டர், சுரங்கத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஊரை மறுபடி கட்ட 1942-லேயே நிதி திரட்ட ஆரம்பித்தார். போருக்குப் பின் 143 பெண்கள் திரும்பி வந்தார்கள். தேடிக் கண்டுபிடிக்க முடிந்த குழந்தைகள் 17 பேர்தான். பழைய ஊரை ஒட்டிப் புதிய லிடிட்ஸே எழுந்தது. இரண்டுக்கும் நடுவே, ஸ்ட்ராஸின் முயற்சியில் 1955-ல் ரோஜாத் தோட்டம் திறக்கப்பட்டது. பல நாடுகள் செடிகளை அனுப்பின.

ரோஜாவுக்குப் பின் ஓவியங்கள் வந்தன. கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவாக 1967-ல் செக்கோஸ்லோவாகியப் பிள்ளைகளுக்காக மட்டும் தொடங்கிய ஓவியக் கண்காட்சி, 1973 முதல் சர்வதேசக் கண்காட்சியானது. 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று. 1993-ல் செக்கோஸ்லோவாகியாவே இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. கண்காட்சி நிற்கவில்லை.

முறை எளிது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொதுத் தலைப்பு கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வரையலாம், அச்சுப்படம் செய்யலாம், புகைப்படம் எடுக்கலாம், களிமண்ணில் வனையலாம். நடுவர்கள் தேர்ந்தெடுத்தவை புதிய ஊரின் பழைய கலாசார மண்டபத்தில் இயங்கும் லிடிட்ஸே காலரியில் வைக்கப்படுகின்றன. தலைப்பு போரைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தெருவையும் ஆட்டுக்குட்டியையும் வரைந்து அனுப்பலாம். லிடிட்ஸே பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்டவையும் இவைதானே.

இளைஞர்களுக்கான சர்வதேசக் கலைப் பரிமாற்றம் என்றால் விமான டிக்கெட், விசா, சிபாரிசு, பெரிய நகரத்துப் பெரிய பள்ளி என்றுதான் பெரும்பாலும் முடிகிறது. அரசு தேர்ந்தெடுத்து அனுப்பும் குழுவில் மூன்று பேருக்கு இடம் கிடைத்தால் முந்நூறு பேர் வீட்டில் இருக்க வேண்டும். இங்கே பயணம் போவது காகிதம் மட்டுமே. பாஸ்போர்ட்டையே பார்த்திராத குழந்தையின் கைவேலைகூட ஐரோப்பியச் சுவரில் தொங்க முடியும். இந்தியாவுக்கு இந்த வழி புதிதல்ல. கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் 1949-ல் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டியும் பின்னர் சர்வதேசப் போட்டியாக விரிந்து, இதே தபால் வழியில் உலகத்தை இங்கே வரவழைத்தது.

ஆனால் நம் வீடுகளில் இதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஓரத்தில் தென்னை - ஓவிய வகுப்பு சொல்லிக் கொடுத்த இந்தப் படத்தை லட்சக்கணக்கான பிள்ளைகள் மனப்பாடமாக வரைகிறார்கள். மெடலுக்காகப் பெரியவர்கள் திருத்தி அனுப்பும் படத்தில் குழந்தை இருப்பதில்லை. லிடிட்ஸேக்கு அப்படியொரு படம் போவதில் அர்த்தமில்லை. அங்கே பேர் சொல்லி நினைக்கப்படுபவர்கள் தனித்தனிக் குழந்தைகள்.

அதைப் புரிந்துகொள்ள, காலரியிலிருந்து ரோஜாத் தோட்டத்தைக் கடந்து பள்ளத்தாக்கின் பக்கம் நடக்க வேண்டும். புல்வெளியில் 42 சிறுமிகளும் 40 சிறுவர்களும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். சிற்பி மரியே உஹிதிலோவா 1969-ல் ஆரம்பித்து, தாய்மார்களைச் சந்தித்து, இருபது ஆண்டுகள் உழைத்தார். 1989 நவம்பரில் இறந்தபோது வெண்கலமாக வார்க்கப்பட்டிருந்தவை மிகச் சில. அவருடைய கணவர் யிர்ஷி ஹம்பல் வேலையைத் தொடர்ந்து, 2000-ல் கடைசிச் சிலையையும் நிறுவினார்.

ஒரு முகம் போல் இன்னொன்று இல்லை. பெரிய பெண்கள் சின்னவர்களை அணைத்தபடி நிற்கிறார்கள். வருகிறவர்கள் அவர்கள் காலடியில் கரடி பொம்மைகளையும் பூக்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்காட்சிக் காலத்தில் இங்கிருந்து காலரிக்குத் திரும்பிப் போய், படங்களுக்குக் கீழே எழுதியிருக்கும் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே போகலாம்: 5, 7, 11, 14. சிலைகளுக்கும் அதே வயதுகள்தான்.