காலந் தவறாத கணினி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, பொருளைத் தேடி யாம் அலைய வேண்டியிருக்கவில்லை. பிரார்த்தனை மண்டபத்து வாயிலில் மறைந்த ஆசிரியர்களின் பெயர் தாங்கி நிற்கும் முதிரைப் பலகையைக் கண்ட பழைய மாணவர் பலர், “எழுத்துக்கள் ஏன் இத்துணைச் சிறியனவாயின?” என்று எம்மை வினவி வருகின்றனர். அவ்வினாவிற்கு விடையிறுக்கும் கடப்பாடு எமக்கு உண்டு. விடையோ ஒரு கணினியைப் பற்றியது.

யாம் எனக் கூறுவது ஒரே வகுப்பில் ஒரே வாங்கிலிருந்து பயின்ற மூவரை. பழைய மண்டபத்தைத் திருத்தியமைத்தபொழுது கழற்றப்பெற்ற இரட்டைக் கதவிலிருந்து பழுதற்ற பலகைகள் இரண்டே கிடைத்தன. எம் ஆசிரியர்களின் பெயர்களை அவற்றிற் பொறித்து விழாவிற்கு அளிப்பதென முடிவு செய்தோம். எம்முள் ஒருவரிடம் மரஞ்செதுக்கும் சிறு பொறியொன்று இருந்தது. அதனை இயக்குதற்கு, காரியாலயமொன்றிற் கழித்து ஒதுக்கப்பட்ட பழைய மேசைக் கணினியொன்று கிடைத்தது. புதிய கணினிகளிற் காண்டற்கு அரிதாகிவிட்ட சமாந்தரத் துறை அதன் பின்புறத்தில் இருந்தமையால் அதுவே எமக்கு உகந்ததாயிற்று.

அப்பொறியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். வெட்டலகை நகர்த்துவன படிமோட்டர்கள். கணினி ஒரு மின்துடிப்பை அனுப்பினால் மோட்டர் ஒரு படி சுழலும். எமது மோட்டருக்கு ஒரு சுற்றுக்குப் படிகள் 200. ஒவ்வொரு படியும் எட்டாகப் பகுக்கப்படுவதனால் துடிப்புக்கள் 1600. ஒரு சுற்றில் வெட்டலகு 5 மில்லிமீற்றர் நகரும். ஆகவே, செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்திற் செதுக்குவதாயின் செக்கனுக்கு 8000 துடிப்புக்கள் வேண்டும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே உள்ள காலம் 125 மைக்குரோசெக்கன். அஃதாவது செக்கனைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அவற்றுள் 125 கூறு. ஒரு துடிப்பு பிந்தி, அடுத்தது அதனை நெருக்கிக்கொண்டு வருமாயின் மோட்டர் தடுமாறிப் படி தவறும். தவறியதைக் கணினிக்கு அறிவிப்பார் எவருமிலர். எல்லாம் முறைப்படி நடைபெறுவதாக எண்ணி அது மேற்செல்லும்.

இவற்றையெல்லாம் யாம் அக்காலை முற்றாக உணர்ந்திருந்தோமல்லோம். கணினியிலிருந்த வழக்கமான பணிசெயல் முறைமையிலேயே செதுக்கும் மென்பொருளை நிறுவி, மாம்பலகையில் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். எழுத்துக்கள் அச்சிட்டாற்போல் அமைந்தன. மூன்றாம் நாள் முதற் கதவுப் பலகையை ஏற்றினோம். ஏழு பெயர்கள் குறைவின்றி முடிந்தன. எட்டாவது பெயரின் நடுவிற் கணினி எம்மைக் கேளாமலே ஏதோ புதுப்பித்தல் வேலையொன்றைத் தொடங்கியது. மோட்டர் ஒருமுறை உறுமிற்று. அதன்பின் வந்த எழுத்துக்கள் யாவும் மூன்று மில்லிமீற்றர் விலகி, முன்னர்ச் செதுக்கியவற்றின்மேல் ஏறி வெட்டின. யாம் ஓடிச்சென்று நிறுத்துமுன் பலகை பாழாயிற்று.

அயலிலிருந்த முதிய தச்சரொருவரை அழைத்துக் காட்டினோம். அவர் விரலால் அவ்விடத்தைத் தடவிப் பார்த்து, “தம்பிமாரே, முதிரையில் வெட்டியது வெட்டியதுதான். மெழுகு வைத்து மறைத்தால் ஒரு கோடைக்குத் தாங்காது” என்று கூறிச் சென்றார்.

சிதைந்த பெயர் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியருடையது. ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணித்து, அது தம் மக்களின் உயரத்திற் குறைந்ததே எனக் கண்டு, குடும்பத்தோடு இறங்கி மூழ்கவிட்ட கணக்கனது கதையை ஆண்டுதோறும் எமக்குக் கூறியவர் அவர். யாம் செய்ததும் அக்கணக்கன் செய்ததே. இரண்டு நாள் ஒத்திகையில் யாம் கண்டது கணினியின் சராசரி ஒழுக்கம். ஆயிரம் துடிப்புக்களுள் ஆயிரமும் காலத்தில் வந்திருக்கலாம். கோடி துடிப்புக்களுள் ஒன்று எத்துணை பிந்தும் என்பதை யாம் அளந்து பார்க்கவில்லை.

இங்ஙனம் அடிபட்ட பின்னரே நிகழ்நேரப் பணிசெயல் முறைமையை நாடினோம். நிகழ்நேரம் என்றவுடன் மிகுந்த விரைவு எனப் பலர் கருதுவர். அது பிழை. பரீட்சை மண்டபத்து மணியை எண்ணிப் பார்க்க. அதனை அடிப்பவர் விரைந்து ஓடவல்லவராயிருத்தல் வேண்டியதன்று. குறித்த வேளையில் தவறாது அடிப்பவராயிருத்தலே வேண்டும். பிந்தி அடிக்கப்பட்ட மணி, எத்துணை இனிமையாக ஒலிப்பினும், பிழையான மணியே. நிகழ்நேர முறைமையிலும் விடை சரியாயிருப்பது மட்டும் போதாது. உரிய காலத்துக்குள் வருதலும் அவ்விடையின் ஒரு பகுதியாகும். அதன்பொருட்டு மொத்த வேகத்திற் சிறிது குறைவதையும் அம்முறைமை ஏற்றுக்கொள்ளும்.

வழக்கமான லினக்சு முறைமையில், கேர்னல் எனப்படும் உட்கரு தன் கருமமொன்றில் ஈடுபட்டிருக்கும்பொழுது, அவசரப் பணி வந்தாலும் அக்கருமம் முடியுமட்டும் அது காத்திருக்க நேரும் இடங்கள் பல உண்டு. அவ்விடங்களை இயன்றவரை அகற்றி, மேலான பணி வந்தவுடன் கீழான பணி விலகி வழிவிடுமாறு செய்வது பிரீயெம்ட் ஆர்.ரீ. எனும் திருத்தத் தொகுதி. 2004ஆம் ஆண்டளவில் இங்கோ மோல்நார், தோமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் தொடங்கிய இப்பணி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புறத்தே நின்று, 2024 நவெம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பிலேயே மூல லினக்சுடன் இணைந்தது.

மேலான பணிக்கு முதலிடம் என்பது கேட்பதற்கு எளிது. நடைமுறையில் அதற்கும் ஓர் இடர் உண்டு. அதிபருக்கு வேண்டிய திறப்பு ஒரு மாணவனிடம் இருக்கிறது என்க. மாணவன் அதனைக் கொண்டு வருகையில், வழியிலே ஆசிரியரொருவர் மறித்து அவனுக்கு வேறு வேலை இடுகிறார். ஆசிரியர் மாணவனுக்கு மேலானவராதலின் அவன் நிற்கிறான். அதனால் அதிபரும் காத்திருக்கிறார். 1997 யூலை 4ஆம் நாள் செவ்வாய்க்கிரகத்தில் இறங்கிய பாத்பைண்டர் விண்கலத்தின் கணினிக்கு நேர்ந்தது இதுவே. காலநிலைத் தரவுகளைத் திரட்டும் கீழான பணியொன்று, பொதுவாகப் பயன்படும் பூட்டைப் பற்றியிருக்க, இடைநிலைப் பணிகள் அதனை மறித்தன. பூட்டிற்காகக் காத்திருந்த மேலான பணி உரிய காலத்தில் முடியாமையால் கணினி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடக்கிக்கொண்டது. திறப்பைக் கையில் வைத்திருக்குமட்டும் மாணவனுக்கு அதிபரின் தகுதியை அளித்தலே இதற்கு மருந்து. அவ்வசதி விண்கலத்தின் முறைமையில் ஏலவே இருந்தது. பூமியிலிருந்து அதனை இயக்கிவைத்தனர். பிரீயெம்ட் ஆர்.ரீ. தொகுதியும் இதே முறையைக் கையாளுகின்றது.

இனி எமது கணினிக்கு வருவோம். டெபியன் லினக்சை நிறுவி, அதன் நிகழ்நேரக் கேர்னலையும், லினக்சு சீ.என்.சீ. எனும் மென்பொருளையும் சேர்த்தோம். இம்மென்பொருளின் மூலம், 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகத்தில் உருவாகிப் பொதுவுடைமையாக விடப்பட்டது. நிறுவுதற்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. சோதித்தற்கோ ஒன்பது நாட்கள் சென்றன.

கணினி தன் வேலையை எத்துணை பிந்தித் தொடங்குகிறது என்பதை அளக்கும் கருவி அம்மென்பொருளுடனேயே வருகின்றது. மிகப் பெரிய தாமதம் 20 மைக்குரோசெக்கனுக்கு உட்பட்டதாயின் மிக நன்று. 30 முதல் 50 வரை எனின் வேகத்தைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். 100ஐ மிஞ்சின் இவ்வகைத் துடிப்பு வேலைக்கு அக்கணினி உதவாது என்பது அதன் கையேடு கூறும் அளவை. கணினியைச் சும்மா விட்டு அளந்தபொழுது 9 என்று காட்டியது. மகிழ்ந்தோம். கணக்கனது கதையை நினைந்து, பெரிய கோப்புக்களைப் பிரதிசெய்தும், படங்களை ஓடவிட்டும், சாளரங்களை அங்குமிங்கும் இழுத்தும் மீண்டும் அளந்தோம். 212 என்றது.

குறையைத் தேடும் பணி தொடங்கிற்று. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தச் செயலி இடையிடையே உறங்கும் ஏற்பாட்டை, கணினி விழிக்கும்பொழுதே தோன்றும் பயோஸ் அமைப்பிற் சென்று நிறுத்தினோம். செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தினோம். இரு செயற்கருக்களுள் ஒன்றைப் பிற பணிகள் அணுகாவண்ணம் துடிப்பு வேலைக்கென ஒதுக்கினோம். தாமதம் 90 ஆகக் குறைந்தது; அதற்குக் கீழே இறங்க மறுத்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் தோன்றிய அத்தாமதத்தின் காரணத்தை லினக்சிலே தேடிப் பயனில்லை. தாய்ப்பலகையின் உள்நிரல், பணிசெயல் முறைமைக்கு அறிவியாமலே செயலியைக் கணப்பொழுது பறித்துத் தன் வேலைக்குப் பயன்படுத்துவதுண்டு. எத்துணைச் சிறந்த நிகழ்நேர முறைமையாயினும் அதனைத் தடுக்க மாட்டாது. பழைய முறைமைகளுக்காக யூ.எஸ்.பி. விசைப்பலகையைப் போலியாகக் காட்டும் ஏற்பாடொன்று பயோசில் இருந்தது. அதனை நிறுத்தியவுடன் எண் 31 ஆயிற்று. இரவு முழுதும் பளுவுடன் ஓடவிட்டோம். காலையிலும் அது 31 ஆகவே நின்றது.

எனினும் மென்பொருளை முற்றாக நம்பிவிடவில்லை. கணினியின் உதவியின்றி மோட்டர்களின் மின்னை நேரே துண்டிக்கும் சிவப்புப் பொத்தானொன்றைப் பொருத்தி, வேகத்தையும் செக்கனுக்கு 15 மில்லிமீற்றராகக் குறைத்து, எஞ்சிய ஒரே பலகையை ஏற்றினோம். இரு பலகைகளில் அமைய வேண்டிய பெயர்கள் யாவும் ஒன்றில் அடங்க வேண்டியிருந்தமையால் எழுத்துக்களைச் சிறிதாக்கினோம். மூவரும் பொத்தானருகே முறைவைத்து இருந்தோம். கணித ஆசிரியரின் பெயரை முதலிற் செதுக்கினோம். பதினொரு மணிநேரத்தில் அனைத்தும் முடிந்தன. ஓர் எழுத்தும் பிறழவில்லை. தச்சர் வந்து பார்த்தார். ஒன்றும் கூறாது, தம் சால்வைத் தலைப்பால் மரத்தூளைத் துடைத்துவிட்டார்.

எழுத்துச் சிறுத்த காரணம் இதுவே. முதியோரின் கண்களுக்கு யாம் அளித்த இடரைப் பொறுத்தருள்வாராக. பாழான பலகையை எறிந்துவிடாது, கணினியின் மேலே சுவரிற் பொருத்தியுள்ளோம். கணினி கற்க எம்மிடம் வரும் கல்லூரி மாணவருக்கு, நிகழ்நேரம் யாதென விளக்கும் முன்னர் அதனையே காட்டுகின்றோம்.

எம்மை எண்ணத் தெரிந்தோராக்கிய எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.