அப்பாவின் உறக்கம்

பனவடலிசத்திரத்தில் இரவில் மின்சாரம் நின்றால், திரும்ப எப்போது வரும் என்று தெரியாது. தோட்டத்து மோட்டாரை மீண்டும் போடுவதற்காக அப்பா அடிக்கடி எழுந்து பார்ப்பார். எழுந்தால் உறக்கம் போகும். அயர்ந்தால் தண்ணீர் போகும்.

இரண்டாமாண்டுக் கணினி வகுப்பில் அதே சிக்கலைக் கண்டேன். லினக்ஸ் இயங்குதளம் முன்பு வினாடிக்கு 100 முறை விழித்து, வேலை உண்டா என்று பார்த்தது. பின்பு அது 1000 முறையாயிற்று. தாமதம் குறைந்தது, பேட்டரி கரைந்தது. 2005-இல் 250 என்று நடுவழி கண்டனர். 2007-இல், சும்மா இருக்கும்போது அத்துடிப்பையே நிறுத்தி, வேலை வந்தால் மட்டும் எழுப்பச் செய்தனர்.

விடுமுறையில், மின்சாரம் வந்ததும் ஒலிக்கும் மணியொன்றை அப்பாவின் கட்டிலருகே மாட்டினேன். பள்ளிக்கூடமே பார்க்காதவர் கேட்டார்: "இதத்தாம்ல காலேஜ்ல படிக்கியா?"

"ஆமாப்பா."

அன்றிரவு அவர் உறங்கினார். மணி அடிக்குமோ அடிக்காதோ என்று நான்தான் விழித்திருந்தேன்.