நிகழாமையின் பயன்

நோயைத் தீர்ப்பவனை உலகம் போற்றுகின்றது. நோய் வராது காத்தவனை அது கண்டுகொள்வதில்லை. இயந்திரங்களின் உலகிலும் இதுவே நியதி. நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் இயக்குபவன் கைதேர்ந்தவன் எனப் பெயர் பெறுகின்றான். அது நில்லாதவாறு நாள்தோறும் பேணுபவனின் உழைப்புக்குச் சான்று எதுவுமில்லை. ஏனெனில், அவ்வுழைப்பின் பயன் ஒன்றும் நிகழாமையே.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த முரசுமோட்டை வயல் சூழ்ந்த ஊர். இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் இவ்வூரவர் அன்றாடம் அறிந்த இயந்திரங்களுள் ஒன்று நீரிறைக்கும் பம்பி. அதே சாலை சென்றடையும் முல்லைத்தீவுக் கரையிலோ, படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரமே வாழ்வுக்கு ஆதாரம். ஒன்று நன்னீரை வயலுக்கு ஏற்றுகின்றது. மற்றது உப்புநீரைப் பின்தள்ளிப் படகை முன்செலுத்துகின்றது. எனினும், மண்ணெண்ணெயில் ஓடும் இவ்விரண்டுக்கும் ஒழுக்கம் ஒன்றே. பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, காபறேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது எரித்துவிடல் வேண்டும். இதனை மறந்தால் மறுநாள் இயந்திரம் இலகுவில் உயிர்பெறாது.

வேறுபாடு தவறுக்குக் கொடுக்கும் விலையிலேயே உள்ளது. வயலிற் பம்பி நின்றால் அயலவனிடம் இரவல் கேட்கலாம். கரை மறைந்த கடலில் இயந்திரம் நின்றால் காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையே படகின் திசையாகும்.

கடல்நீர் இயந்திரத்தைக் குளிர்விப்பதும் அதுவே, அரிப்பதும் அதுவே. உள்ளேயுள்ள சிறிய இறப்பர்ச் சுழலி நீரை உறிஞ்சி மேலேற்றுகின்றது. பக்கத்தே மெல்லிய தாரையாக வெளியேறும் நீர், இயந்திரத்தின் நாடித்துடிப்பு. அது தளர்ந்தால் சுழலி தேய்ந்தது அல்லது வழி அடைபட்டது எனக் கொள்ளலாம். நீரின்றிச் சில கணங்கள் ஓடினாலும் இறப்பர் கருகிவிடும். ஆதலால், கரைசேர்ந்தபின் நன்னீரை ஓடவிட்டு உட்குழாய்களைக் கழுவுதல் முதற்கடன். கழுவாவிடின் உப்புப் படிந்து வழியை அடைக்கும். கியர் ஒயில் பால்நிறமாக மாறின், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்பது பொருள். அச்சைச் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு ஒன்றே அந்த வாயிலைத் திறந்துவிடப் போதுமானது. வெளியே பொருத்தப்படும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து ஏனைய உலோகத்தைக் காக்கின்றது. அழகு கருதி அதன்மேல் வர்ணம் பூசுவோர் அதன் தொண்டினை அழிப்போராவர்.

1990இன் பின்னரான தடைக்காலத்தில் வன்னியில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. சில துளிப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்ச் சைக்கிள்களை அத்தலைமுறை மறவாது. மாற்றுவதற்குப் பொருளில்லாத காலத்திற் பேணுதலே ஒரே வழியாயிற்று. இறுதிப் போரின்போது முரசுமோட்டை மக்களும் உடைமைகளை விட்டு இடம்பெயர்ந்தனர். பேணிக் காத்ததனைப் பேரழிவு ஒரு கணத்திற் கொண்டுபோகும் என அறிந்தும், மீண்டு வந்தோர் மீண்டும் பேணத் தொடங்கினர். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, அழுக்கடைந்த பிளக் வீணாக்கிய ஒவ்வொரு துளியும் உலையிற் குறைந்த அரிசியாயிற்று.

இத்துணை இன்றியமையாத அறிவு இன்றும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்குகின்றது. இயந்திரத்துடன் வரும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தந்தையின் கைப்பார்த்துக் கற்ற மகனே அவற்றுக்கு உரைகாரன். கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியற் பீடம் இயங்கும் இக்காலத்தில், பட்டம் பெற்றோரும் படகோட்டுவோரும் ஒருங்கிருந்து எளிய தமிழிற் பேணல் நூல் ஒன்றை ஆக்குதல் அரிதன்று. இயந்திரத்தை ஆக்கும் அறிவைக் கல்வி எனக் கொண்டோம். அதனைக் காக்கும் அறிவையும் அவ்வாறே கொள்ளுதல் தகும். மாலையிற் படகு கரைசேர்கின்றது, எவரும் வியப்பதில்லை. அந்த வியப்பின்மையே பேணுபவன் பெறும் பரிசு.